பூனையின் நகம்

எங்கள் வீட்டுப் பூனைக்குக் குட்டி என்று பெயர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு கொல்லைப்புற வாயிலில் வந்து நின்றபோது அது உண்மையில் குட்டியாகத்தான் இருந்தது. இப்போது நன்கு வளர்ந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்கே குட்டி என்ற பெயரைச் சொல்கிறது. வளர்ந்த பூனையை அவ்வாறு அழைப்பது முறையா என்று தமிழாசிரியராகிய நண்பர் ஒருவர் என்னைக் கேலி செய்வதுண்டு. அழைத்தால் அது வருகிறது. இலக்கணத்துக்கு அது போதும் என்பது என் கட்சி.

இன்று நான் பேச வந்தது அந்தப் பூனையின் நகத்தைப் பற்றி. வீட்டில் வளர்க்கும் பூனைக்கு நாமே நகம் வெட்டுவது எப்படி என்பது பேச்சின் பொருள். இதற்கும் ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் யாரேனும் இதைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

என் மனைவிக்கு இதய வால்வு ஒன்றை மாற்றி மருத்துவம் செய்தார்கள். அதன் பின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை அவள் நாள் தவறாமல் உட்கொள்ளவேண்டியதாயிற்று. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறு கீறல் விழுந்தாலும் இரத்தம் எளிதில் நிற்பதில்லை. பூனைக்கு இதெல்லாம் தெரியுமா? மத்தியான வேளையில் அவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் மடியில் ஏறி, முன்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தி, மாவு பிசைவதைப் போலப் பிசையும். குட்டியாய் இருந்தபோது பால் சுரப்பதற்காகத் தாயின் மடியை அழுத்திய பழக்கம் அது. வளர்ந்த பிறகும், மனம் நிறைந்திருக்கும்போது பூனைகள் அவ்வாறு செய்கின்றன. அன்பினால் செய்கிற காரியந்தான். ஆனால் ஒரு நாள் புடவையில் மாட்டிக்கொண்ட நகத்தை அது வெடுக்கென்று இழுத்தபோது, முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்துவிட்டது. அரை மணி நேரம் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆட்டோவில் வைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.

செய்தி அறிந்த மகன் அன்றிரவே தொலைபேசியில், "அப்பா, பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அம்மாவைவிடப் பூனை பெரிதா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. நம் ஊர்களில் வேண்டாத பூனையைச் சாக்கில் போட்டு ஆற்றுக்கு அக்கரையில் விட்டு வருவது பழைய வழக்கம். ஆனால் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்து, "அது போனால் பகல் முழுவதும் நான் யாரோடு பேசுவது?" என்றாள். நான் வீட்டில்தான் இருக்கிறேன். ஆயினும் அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியது.

இதய மருத்துவரிடம் கேட்டோம். பூனையை விரட்டவேண்டிய அவசியமில்லை, ஆனால் கீறல் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார் அவர். அதற்கு அவர் சொன்ன காரணம் இரத்தப்போக்கு மட்டுமன்று. பூனைக்கீறல் காய்ச்சல் என்று ஒரு நோய் இருக்கிறது. பாரிஸ் நகரத்து மருத்துவர் ராபர்ட் தெப்ரே 1950ஆம் ஆண்டில் அதனைத் தனி நோயாக விவரித்தார். பார்ட்டொனெல்லா என்னும் நுண்ணுயிர்தான் அதற்குக் காரணம் என்பது 1990களில் தெளிவாயிற்று. பூனையின் உடலில் இருக்கும் தெள்ளுப்பூச்சி அந்த நுண்ணுயிரைச் சுமக்கிறது. பூச்சியின் கழிவு பூனையின் நகத்தில் ஒட்டிக்கொண்டு, நகம் கீறும்போது நம் உடலுக்குள் புகுகிறது. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நெறி கட்டி, காய்ச்சல் வந்து, தானே சரியாகிவிடும். வால்வில் குறையுள்ளவர்களுக்கோ அது இதயத்தையே பற்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே பூனை வீட்டில் இருக்கவேண்டுமானால் இரண்டு காரியங்கள் நடந்தாகவேண்டும். தெள்ளுப்பூச்சி இருக்கக்கூடாது, நகம் கூராக இருக்கக்கூடாது. பூச்சிக்குக் கால்நடை மருத்துவர் கழுத்தின் பின்புறம் இடும் மருந்து கொடுத்துவிட்டார். (நாய்க்கென்று விற்கும் மருந்தைப் பூனைக்கு இடவே கூடாது, சிலவற்றில் பூனையைக் கொல்லும் பொருள் இருக்கிறது.) நகம் என் பொறுப்பாயிற்று.

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். திங்கட்கிழமைதோறும் காலை வழிபாடு முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைகளை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்ப்பேன். வளர்த்து வந்தவன் அங்கேயே வெட்டிக்கொள்ளவேண்டும். அந்த அதிகாரத்தோடுதான் பூனையிடமும் போனேன். பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு அழைத்து, பூனையை ஒரு பழைய துண்டில் இறுகச் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து, என்னுடைய நகவெட்டியால் விறுவிறுவென்று வெட்டத் தொடங்கினேன். மூன்றாவது நகத்தில் பூனை அலறியது. துண்டில் இரத்தம் சொட்டியது. பையன் கையை விட்டுவிட்டான். பூனை பரண்மேல் ஏறிக்கொண்டது. இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. இறங்கிய பிறகும் நான் அறைக்குள் நுழைந்தால் அது வெளியேறிவிடும். வெட்டியது இரண்டே நகம். கெடுத்தது ஓர் ஆண்டு நட்பு.

என் பிழை இன்னதென்று கால்நடை மருத்துவர்தான் எனக்கு விளக்கினார். அவர் காட்டிய பிறகுதான் ஒரு பூனையின் பாதத்தை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன்.

முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்கள். பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. ஆக, பதினெட்டு. முன்காலின் ஐந்தாவது நகம் உட்புறத்தில், நம்முடைய கட்டைவிரலைப் போலச் சற்று மேலே ஒதுங்கியிருக்கும். நடக்கும்போது அது தரையில் படுவதே இல்லை. மற்ற நகங்களும் படுவதில்லை என்பதுதான் பூனையின் தனிச்சிறப்பு. நாய் நடந்தால் சிமெண்டுத் தரையில் நகம் தட்டுகிற ஓசை கேட்கும். பூனை வந்தது தெரியாது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்போடு சேர்ந்து வளர்வது. அந்த எலும்பை மீள்தன்மையுள்ள நார்கள் பின்னுக்கு இழுத்து, நகத்தை எப்போதும் உறைக்குள் வைத்திருக்கின்றன. வேண்டும்போது பூனை அடிப்புறத்துத் தசைநாணை இழுக்கிறது, எலும்பு முன்னே மடிகிறது, நகம் வெளிப்படுகிறது. வாளை உறையிலிருந்து உருவுவதற்குத்தான் முயற்சி வேண்டும். உறையிலே கிடப்பதற்கு முயற்சி வேண்டாமல்லவா? அதுபோலத்தான். தூங்குகிற பூனையின் பாதம் பஞ்சு போல் இருப்பதற்கு இதுவே காரணம். புலியும் சிறுத்தையும் இவ்வாறே. சிவிங்கிப்புலியின் நகத்துக்கோ முழு உறை கிடையாது. ஓடும்போது தரையைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது.

நாயின் நகம் தரையில் உராய்ந்து தேய்கிறது. பூனையின் நகம் தேய்வதில்லை, அது உரிகிறது. வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக வளர்ந்து, மேலடுக்கு பழையதானதும் கழன்று விழும். மரத்திலும் கதவிலும் பூனை பிறாண்டுவது ஓரளவு இந்த மேலுறையைக் கழற்றுவதற்காகத்தான். நெல் உமியைப் போல வளைந்த சிறு துண்டு ஒன்று எங்கள் கூடத்தில் கிடந்ததைக் கண்டு, பூனையின் நகம் பெயர்ந்துவிட்டதென்று நான் பயந்திருக்கிறேன். அஃது உதிர்ந்த உறை. உள்ளே புதிய நகம் ஊசிபோல் காத்திருந்தது. பூனைக்கு வயதானால் பிறாண்டுவது குறைகிறது; உறை உதிராமல் நகம் தடிக்கிறது. அப்போது நகம், முக்கியமாகத் தரையில் படாத அந்த ஐந்தாவது நகம், வளைந்து வளைந்து உள்ளங்கால் சதையிலேயே குத்தி இறங்கிவிடும். கிழப்பூனை நொண்டினால் முதலில் அங்கே பார்க்கவேண்டும். இனி நகம் வெட்டுவது நம்முடைய சௌகரியத்துக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம்.

நான் எங்கே தவறினேன்? நகம் முழுவதும் உயிரற்றதென்று நினைத்தேன். நம் மயிரும் மாட்டின் கொம்பும் எந்தப் பொருளால் ஆனவையோ அந்தக் கெரட்டினால்தான் நகத்தின் வெளிப்பகுதியும் ஆகியிருக்கிறது. அதை வெட்டினால் வலியில்லை. ஆனால் அதன் நடுவே நுனியை நோக்கிச் சிறிது தூரம் வரை இரத்தக் குழாயும் நரம்பும் செல்கின்றன. நகக்கண் என்று நாம் சொல்லும் அந்த உயிருள்ள பகுதியைத்தான் நான் வெட்டிவிட்டேன். பெரும்பாலான பூனைகளின் நகம் வெளிறி, ஒளி ஊடுருவுவதாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் அது தெரியும். அந்தச் சிவப்புக்கு முன்னால் இரண்டு மில்லிமீட்டராவது விட்டு, வளைந்த கூர்நுனியை மட்டும் எடுக்கவேண்டும். நகம் கருத்திருந்தால் கண்ணை நம்பமுடியாது. நுனியின் நுனியை மட்டும் தொட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளவேண்டியதுதான். என்னுடைய நகவெட்டியும் ஒரு தவறு. அது தட்டையாகப் படர்ந்த மனித நகத்துக்கென்று செய்தது. பூனையின் நகம் இருபக்கமும் ஒடுங்கிய கொக்கி. அதற்கென்று அலகில் சிறு பள்ளம் உள்ள கத்தரிக்கோல் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மொட்டையாகிவிட்ட அலகு நகத்தை வெட்டாமல் நசுக்கிப் பிளந்துவிடும், கூராக வைத்துக்கொள்ளவேண்டும்.

இதற்கிடையில் மகன் இன்னொரு யோசனை சொன்னான். அயல்நாட்டில் பூனையின் நகங்களை அறுவை மூலம் அடியோடு எடுத்துவிடுகிறார்களாம்; அப்படிச் செய்தால் தொல்லை இராதே என்றான். கால்நடை மருத்துவர் இதைக் கேட்டதும் பேசாமல் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் கடைசிக் கணுவைத் தொட்டுக் காட்டினார். நகம் அந்தக் கடைசி எலும்பிலிருந்தே வளர்வதால், நகத்தை நிலையாக நீக்குவது என்றால் எலும்பையே வெட்டி எடுப்பது என்று பொருள். விரல்தோறும் ஒரு கணு. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவக் காரணம் இல்லாமல் அதைச் செய்வது குற்றம். அமெரிக்க மாநிலங்களில் நியூயார்க் 2019இல் முதன்முதலாகத் தடை விதித்தது. மகனிடம் இதைச் சொன்னேன். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு நான் செய்ததெல்லாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. எளியதிலிருந்து அரியதற்குப் போ என்று அங்கே மனப்பாடம் செய்தோம். பாடக்குறிப்பில் எழுதிக்கொடுத்தோம். பிள்ளைகளிடம் எத்தனை முறை அதைக் கடைப்பிடித்தேன் என்று என்னை யாரும் கேட்காதிருப்பது நல்லது. பூனையிடம் கடைப்பிடிக்காமல் தீரவில்லை.

முதல் வாரம் கத்தரிக்கோலை வெளியிலேயே எடுக்கவில்லை. உண்ட மயக்கத்தில் அது படுத்திருக்கும்போது அருகில் தரையில் உட்கார்ந்து தலையைத் தடவுவேன். அப்படியே கையைத் தோளுக்கும் பாதத்துக்கும் கொண்டுபோய் எடுத்துவிடுவேன். உடனே ஒரு துண்டு நெத்திலி. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் உப்பில்லாமல் அவித்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். இரண்டாவது வாரம் பாதத்தைக் கையில் ஏந்தி, கட்டைவிரலை மேலும் ஆள்காட்டி விரலைக் கீழுமாக வைத்து ஒரு விரலை மெல்ல அழுத்தினேன். அழுத்தியதும் நகம் தானே வெளியே வரும், பிடித்து இழுக்கவேண்டியதில்லை. மூன்றாவது வாரம் கத்தரிக்கோல் வெறுமனே பக்கத்தில் கிடந்தது. பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு அலட்சியம் செய்தது. அதன்பின் ஒரு நாள் ஒரே ஒரு நகத்தின் நுனியை வெட்டினேன். "டிக்" என்று சிறு ஓசை. பூனை காதை மட்டும் திருப்பிற்று. நெத்திலியைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்த எழுந்து போவதுதான் கடினம். ஒன்று வெட்டவிட்டதே, இன்னும் நாலு வெட்டிவிடலாம் என்று கை துடிக்கும். வால் நுனி ஆடத் தொடங்கினாலோ, காது பின்னுக்கு மடிந்தாலோ, காலை இழுத்துக்கொண்டாலோ நிறுத்திவிடவேண்டும். அந்த அடையாளங்களை மதிக்காவிட்டால் அடுத்தது பல். பூனையின் பல் ஆழமாகக் குத்தி வாய் சிறிதாக மூடிக்கொள்ளும் புண்ணைச் செய்யும். உள்ளே சீழ் பிடிக்கும். கீறலைவிட அது மோசம். கழுத்துப் பிடரியைப் பற்றித் தூக்குவதும் வேண்டாம். குட்டியைத் தாய் அப்படித் தூக்குவது உண்மை; வளர்ந்த பூனைக்கு அது அச்சமும் வலியுமே.

இப்போது நான் கூடத்தில் சன்னலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பூனையின் முதுகு என் வயிற்றில் படும்படி மடியில் இருத்திக்கொள்கிறேன். முகத்துக்கு முகம் வைத்துக்கொண்டால் அதற்குப் பிடிப்பதில்லை. மூன்று வாரங்களுக்கு ஒரு முறை பார்க்கிறேன். இரண்டு வாரமே சரியாக இருக்கும் பூனைகளும் உண்டு. இரத்தம் வந்துவிட்டால் பதறாமல், சுத்தமான பஞ்சில் சிறிது சோள மாவைத் தொட்டு நுனியில் அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் நிற்கும். முடிதிருத்தும் கடைகளில் வெட்டுக் காயத்துக்கு வைக்கும் படிகாரமும் இரத்தத்தை நிறுத்தக்கூடியதே; ஆனால் எரியும். முன்னமே கோபத்தில் இருக்கும் பூனைக்கு அதையும் வைக்க எனக்குத் துணிவில்லை. கால்மணி நேரத்துக்கு மேலும் கசிந்தால் மருத்துவரிடம் போகவேண்டும்.

எல்லா நகத்தையும் வெட்டலாமா என்பதில் எனக்கும் மருத்துவருக்கும் ஒரு சிறு விவாதம் நடந்தது. வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்குப் பதினெட்டையும் வெட்டலாம். எங்கள் பூனை மாலையில் கொல்லைப்புறம் போகிறது. தெருவில் நாய்கள் இருக்கின்றன. நாய் துரத்தினால் மதிலிலோ முருங்கை மரத்திலோ ஏறித்தான் பிழைக்கவேண்டும். ஏறுவதற்கு நகம் வேண்டும். வெளியே விடும் பூனைக்கு வெட்டாமல் இருப்பதே நல்லது என்றார் அவர். என் மனைவியின் கையை நினைத்துப் பார்த்தேன், வெட்டாமல் முடியாது. கடைசியில் முன்கால் நகங்களின் கூர்நுனியை மட்டும் மழுக்குவது, பின்கால்களைத் தொடாமல் விடுவது, வெளியே போகும் நேரத்தைக் குறைத்து நான் உடனிருப்பது என்று முடிவாயிற்று. இஃது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுதும் தெருவில் திரிந்து, சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிற பூனையாக இருந்தால் நகத்தில் கைவைக்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

பிறாண்டுவதற்கு ஓர் இடமும் கொடுத்திருக்கிறேன். கொல்லையில் விழுந்த தென்னை மரத்தில் ஒரு துண்டை அறுத்து வாங்கி, அதைச் சுற்றித் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கூடத்து மூலையில் அசையாமல் நிறுத்தினேன். பூனை பின்காலில் எழுந்து முழு உடம்பையும் நீட்டிப் பிறாண்டும் அளவுக்கு உயரம் இருக்கவேண்டும். தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. எழுந்தவுடன் பிறாண்டுவது அதன் வழக்கம். சாய்வு நாற்காலியின் கால்கள் அதனால் தப்பின.

இவ்வளவு செய்தும் கீறல் படலாம். பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பவேண்டாம். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பூனைக்கும் அந்நோய் வரும், பூனையிடமிருந்து நமக்கும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பில் இரத்தம் கசியாத சிறு கீறல் இரண்டாம் வகை. இரத்தம் வந்தது மூன்றாம் வகை. இரண்டுக்கும் மருத்துவரைக் கண்டு, தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டறியவேண்டும். மூன்றாம் வகைக்கு ஊசியோடு காயத்தைச் சுற்றி இடும் மருந்தும் தேவைப்படலாம். எங்கள் பூனைக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறோம். அந்தச் சீட்டு என் மனைவியின் மருத்துவக் கோப்பிலேயே இருக்கிறது. முதல் கீறலோடு மருத்துவமனைக்குப் போனபோது முதலில் கேட்ட கேள்வியே அதைப் பற்றித்தான்.

அந்த முதல் கீறலின் தழும்பு இன்னும் அவள் கையில் இருக்கிறது. மத்தியானங்களில் மடியில் நாலாக மடித்த பழைய போர்வையை விரித்துக்கொண்டுதான் அவள் பூனையை அழைக்கிறாள். அது வந்து பிசைகிறது; அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டரை ஆண்டுகளாகப் புதிய கீறல் இல்லை. நகம் வெட்டும் வேலையில் ஒரு குறை மட்டும் இருக்கிறது. இடது முன்காலின் உட்புறத்து ஐந்தாவது நகத்தை, மற்ற ஒன்பதோடு சேர்த்து ஒரே நாளில் வெட்டுவதற்குக் குட்டி இன்றுவரை இணங்கவில்லை. நான் அன்று முதலில் இரத்தம் வரவழைத்த நகம் அதுதான். அதனை மறுநாளைக்கு ஒத்திவைத்து, இரண்டு நெத்திலி கொடுத்துப் பார்க்கிறேன்.